உதிர்ந்த இலையில் யானையும் மலையணிலும்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல் தாண்டிக் கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலை வரை போகிற சாலையின் இரு முனையிலும் தமிழ் பேசும் பிள்ளைகள் படிக்கிறார்கள். காய்ந்த இலைகளை ஒட்டி விலங்கு உருவங்கள் செய்யும் வேலையை வகுப்பில் எடுக்க நினைக்கும் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயன்படும். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் மேப்பிள், ஓக் இலைகளை நம்பி எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போனால் முதல் நாளே இலைக்குத் திண்டாட வேண்டியிருக்கும்.

நம் பக்கம் இலையுதிர் காலம் உண்டா? எந்த மாதம் தொடங்கலாம்?

உண்டு. ஆனால் குளிர்நாட்டு நாட்காட்டியில் தேடக்கூடாது. அங்கே செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை பகல் சுருங்கி, குளிர் ஏறி, மரம் இலையைக் கழிக்கிறது. இங்கே குளிருக்கு அந்த வேலை இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் காயத் தொடங்கியதும், இருக்கிற தண்ணீரை மிச்சம் பிடிக்க மரம் இலையை உதிர்க்கிறது. ஆகவே நம் இலையுதிர் காலம் மார்கழியில் மெல்லத் தொடங்கிப் பங்குனி வரை நீள்கிறது. ஐப்பசியில் இந்தப் பாடத்தை வைத்தால் கைக்கு வருவது மழையில் ஊறிப்போன இலைதான்.

மலைக்கு மேற்கே ரப்பர் தோட்டங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் மஞ்சளும் செம்மஞ்சளுமாகி உதிர்ந்துவிடும். தேக்கும் ஏறத்தாழ அதே சமயத்தில் உதிரும். நாட்டு வாதுமை, பிள்ளைகள் சொல்கிற ‘பாதாம் மரம்’, தை மாசியில் ஒரு தடவையும் ஆடி ஆவணியை ஒட்டி இன்னொரு தடவையும் சிவக்கும். வேம்பு, புங்கம், அரசு மூன்றும் கடைசியாக, மாசி பங்குனியில்தான் கொட்டும்.

இரு மாநிலத்திலும் மார்ச் மாதம் தேர்வு மாதம். அதனால் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரமே சேகரிக்கத் தொடங்கி, பிப்ரவரி நடுவுக்குள் ஒட்டி முடிப்பது நல்லது. அரசும் புங்கமும் அதற்குள் போதுமான அளவு கிடைக்காது. பங்குனியில் பொறுக்கி உலர்த்தி வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டுக்கு ஆகும்.

எந்த இலை எந்த உறுப்புக்கு நன்றாக அமையும்?

தேக்கிலையின் மேல்புறம் சொரசொரப்பு, அடிப்புறம் சாம்பல் கலந்த பழுப்பு. யானைத் தோலுக்கு இதைவிடப் பொருத்தமான இலை இந்தப் பக்கம் கிடையாது. பூவரசிலை இதய வடிவம் என்பதால் யானைக் காதுக்கும் ஆந்தை முகத்துக்கும் ஆகும். அரசிலையின் நீண்ட வால்நுனியைத் திருப்பி வைத்தால் எலி வாலாகவோ பறவை அலகாகவோ மாறும். மந்தாரை இலை நடுவே பிளந்து இரண்டு மடலாக இருப்பதால் கத்தரி படாமலே பட்டாம்பூச்சி. பாதாம் இலை அகலமானது, சிவப்பு, மஞ்சள், பழுப்பு என்று ஒரே மரத்தடியில் மூன்று நிறமும் கிடைக்கும். மாவிலை நீளமான உடலுக்கும் மீனுக்கும் உதவும். வேப்பிலையின் சிற்றிலைகள் அரம்போன்ற விளிம்போடு ஒருபக்கம் வளைந்திருப்பதால் இறகுக்கு இயல்பாக உட்காரும்.

ரப்பரை விட்டுவிடக் கூடாது. மூன்று சிற்றிலை சேர்ந்த இலை அது. சிற்றிலைகளைக் கழற்றிய பிறகு மிஞ்சுகிற நீண்ட காம்பைப் பலர் குப்பையில் போடுகிறார்கள். கொக்குக்கும் மானுக்கும் கால் வேண்டும்போது அந்தக் காம்புதான் கைகொடுக்கும். காய்ந்தபின் வளைத்தால் ஒடியும். முழங்கால் மடிப்பு வேண்டுமென்றால் பாதி காய்ந்த நிலையிலேயே மடித்து, அழுத்தி வையுங்கள்.

மாங்கொழுந்து செப்பு நிறத்தில் அழகாக இருக்கிறதே, அதை எடுத்தால் என்ன?

சுருங்கிப் போகும். கொழுந்தில் தண்ணீர் அதிகம், இலையைத் தாங்கிப் பிடிக்கும் நார் இன்னும் உறுதிப்படவில்லை. இரண்டு நாள் அழுத்தினாலே விளிம்பு கருகிச் சுருக்கம் விழும். உதிரும் இலையின் சிவப்பு வேறு கதை: பச்சையம் சிதைந்தபின் ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரியும், சில மரங்களில் புதிதாகச் செந்நிறமியும் உண்டாகும். அந்த இலை முதிர்ந்தது, நார் விட்டது, அழுத்தத்தைத் தாங்கும்.

மரத்திலிருந்து பறிக்கலாமா? மலைக்குப் போய் எடுத்து வரலாமா?

விழுந்ததைப் பொறுக்குவதே போதும், அதுவும் அன்று காலையில் விழுந்தது. காம்பைப் பிடித்துத் தூக்கினால் இலை தொங்க வேண்டும். நொறுங்கினால் பிந்திவிட்டது.

காட்டுக்குள் வேண்டாம். தென்மலையை ஒட்டி 1984 முதல் செந்துருணி வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். சரணாலயத்துக்குள் கிடக்கும் எதையும் அனுமதியில்லாமல் எடுத்துவர 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. காய்ந்த இலைதானே என்று நினைப்பவர்கள் உண்டு, அதுவும் சேர்த்திதான். பள்ளி வளாகம், கோயில் தோப்பு, குளக்கரை, சொல்லிவிட்டு நுழையக்கூடிய தோட்டம் இவையே போதும்.

ரப்பர் பற்றி ஒன்று. ஆடி மழையிலும் ரப்பர் இலை பச்சையாகவே கொட்டும். அது பூஞ்சை நோயால் விழுவது. காம்பில் கறுப்புத் தழும்பும் அதன் நடுவே உறைந்த பால்துளியும் இருந்தால் அதுதான். அந்த இலையை அழுத்தி வைத்தால் பக்கத்து இலைகளும் கெடும்.

பிள்ளைகள் தொடக்கூடாத இலைகள் எவை?

அரளியும் மஞ்சள் அரளியும் வேரிலிருந்து பூ வரை நஞ்சு. பள்ளி வேலியோரம் இவைதான் அதிகம் நிற்கும் என்பது சங்கடம். எருக்கின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சேரான் மரம் (கேரளத்தில் ‘சேரு’ என்பார்கள்) பட்ட இடத்தில் கொப்புளம் கிளப்பும். செந்தட்டி, பூனைக்காலி நெற்று இரண்டின் சுணையும் அரித்துக் கொல்லும். முதல் நாளே இந்தச் செடிகளைத் தூரத்திலிருந்து காட்டிக் கொடுத்துவிடுங்கள். ‘தெரியாத இலை எடுக்காதே’ என்ற பொது எச்சரிக்கையை எந்தப் பிள்ளையும் காதில் வாங்காது.

இலையைவிட இலைக்குக் கீழே இருப்பதுதான் கவலை. சருகுக்குள் தேள், பூரான், வறண்ட பக்கமென்றால் சுருட்டை விரியனும் இருக்கலாம். கையால் குவியலைக் கிளறக்கூடாது, நீளமான குச்சியால் பரப்பிவிட்டு மேலே கிடப்பதை எடுக்க வேண்டும். செருப்பைவிட ஷூ நல்லது. மாமரத்தடியில் முசுறு எறும்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முருங்கைப் பக்கம் கம்பளிப்பூச்சி. ஆரியங்காவுப் பக்கம் ஈரம் காயாத நாளில் அட்டை ஏறும். ஒட்டும் அட்டை ஏற்கெனவே கையில் இருக்கிறது, ஊரும் அட்டை வேறு வேண்டாம்.

இலையை எப்படி உலர்த்துவது? எத்தனை நாள்?

பொறுக்கியதும் ஈரத் துணியால் இருபுறமும் துடைத்து, அரைமணி நேரம் நிழலில் பரப்புங்கள். பிறகு செய்தித்தாளில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்க வேண்டும். இலையைத் தொடும் தாள் மட்டும் அச்சில்லாத வெள்ளைத்தாளாக இருக்கட்டும். பழைய தேர்வுத்தாளின் எழுதாத பக்கம் போதும். மஞ்சள் இலையில் செய்தித்தாள் மை ஏறினால் போகாது. ஓர் அடுக்கு இலை, நாலு மடிப்புச் செய்தித்தாள், மறுபடி இலை என்று பத்து அடுக்கு வரை போகலாம். மேலே ஒரு பலகை, பலகை மேல் 6 முதல் 8 கிலோ. நாலு செங்கல்லை வைத்தால் கணக்குக்குச் சற்றுக் கூடவே இருக்கும், பரவாயில்லை.

பெரும்பாலோர் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். அடுக்கிவிட்டு ஒரு வாரம் கழித்துத் திறக்கிறார்கள். இலையை விட்டு வெளியேறிய ஈரம் தாளிலேயே தங்கி, இலை கறுத்துப் பூஞ்சை பிடித்திருக்கும். முதல் நாள் மாலை, இரண்டாம் நாள், நாலாம் நாள் என மூன்று முறை தாளை மாற்றியே தீர வேண்டும். எடுத்த தாளை வெயிலில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். ரப்பர், பூவரசு 7 நாளில் தயார். மா, பலா, பாதாம் 10 நாள். தேக்கின் நடுநரம்பு தடித்தது, 12 நாளாகும். அவசரமென்றால் பின்புறம் நரம்பை மட்டும் பிளேடால் சீவி மெலிதாக்கலாம், அது ஆசிரியர் வேலை.

உலர்ந்ததா என்று தெரிந்துகொள்ள இலையைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

இஸ்திரிப்பெட்டியும் உண்டு: நீராவி இல்லாமல், நடுத்தரச் சூட்டில், இரண்டு தாளுக்கு இடையே வைத்து ஒரு பக்கம் 10 விநாடி, ஆறவிட்டு மறுபக்கம். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். வேப்பிலையும் அரசிலையும் சூட்டில் கறுத்துவிடலாம். நாள் குறைவாக இருக்கும்போது மட்டும் இதற்குப் போகலாம்.

புளி, முருங்கை இலைகள் அழுத்தினால் உதிர்ந்துவிடுகின்றன. ஏன்?

அவற்றின் சிற்றிலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே கழலும்படி இணைந்தவை. காயும்போது அந்த மூட்டு விட்டுப்போகிறது. வாகையும் அப்படித்தான். முழு இலையாகக் காப்பாற்ற முயல்வது வீண். உதிரவிட்டு, சல்லடையில் தூசி போக்கி, ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். கரடி செய்யும்போது தேவைப்படும்.

சாரல் காலத்தில் செய்யவே முடியாதா?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைப் பக்கம் காற்றிலேயே ஈரம் இருக்கும். அழுத்துவதற்கு இரண்டு மடங்கு நாள், தாள் தினமும் மாற்ற வேண்டும். அவ்வளவு பாடுபட வேண்டாம். அந்த மாதங்களில் பச்சை இலையிலேயே முடிகிற வேலைகள் இருக்கின்றன: தென்னங்கீற்றில் பாம்பும் கிளியும் பின்னுவது, பலா இலையைக் கும்பிளாக மடித்து ஈர்க்கால் குத்துவது. கஞ்சி குடிக்க மடக்குகிற அதே கும்பிளைக் கவிழ்த்து இரண்டு காது செருகினால் எலி.

எந்தப் பசை?

வெள்ளைப் பசை, ஃபெவிகால் வகை. தண்ணீர் கலக்காமல், ஆனால் மெலிதாக. இலையின் பின்புறத்தில் நடுநரம்பு நெடுகவும் விளிம்பிலும் தீக்குச்சியால் தடவினால் போதும். முழு இலையையும் பசையில் குளிப்பாட்டினால் இலை மறுபடி ஈரம் குடித்துச் சுருளும். ஒட்டியதும் மேலே ஒரு தாளை வைத்து உள்ளங்கையால் 20 விநாடி அழுத்தி, பிறகு புத்தகம் ஏற்றுங்கள்.

இலை மேல் இலை ஒட்டும்போது விட்டுக்கொண்டே வருவது பொதுவான புகார். மா, பலா, பாதாம் இலைகளின் மேல்புறத்தில் மெழுகுப்பூச்சு உண்டு, பசை அதில் பிடிக்காது. அடியில் இருக்கும் இலையில் பசை படும் இடத்தை மட்டும் நைசான உப்புத்தாளால் நாலு தடவை இழுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். பசைக்குச்சி இதற்கு ஆகாது. வழவழப்பான இலையில் இரண்டு நாள்கூட நிற்காது.

மைதாப் பசையும் புளியங்கொட்டைப் பசையும் நன்றாகவே ஒட்டும், செலவும் இல்லை. பூச்சி வராமலிருக்கப் புத்தகம் கட்டுபவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, வகுப்பறைக்குக் கொண்டுவரக் கூடாது. துத்தம் இல்லாத மைதாப் பசையோ எறும்பையும் ராமபாணப் பூச்சியையும் அழைத்து வரும். ஒரு வாரம் காட்சிக்கு வைத்துவிட்டுக் கழித்துவிடும் வேலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ட் தாளில் ஒட்டினால் வளைந்துவிடுகிறதே?

பசையின் ஈரம் தாளின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்து விரிக்கிறது. காயும்போது அந்தப் பக்கம் சுருங்கித் தாளை இழுத்துக்கொள்கிறது. பழைய நோட்டு அட்டையோ பிஸ்கட் பெட்டி அட்டையோ அடியில் இருந்தால் வளைவு குறையும். 22க்கு 28 அங்குலச் சார்ட்டை நாலாக வெட்டினால் 11க்கு 14 அங்குலம் வரும், ஒரு பிள்ளைக்கு அது சரியான அளவு. அதை அட்டையில் ஒட்டி, அட்டையின் பின்புறமும் ஒரு செய்தித்தாளை ஒட்டிவிடுங்கள். இருபக்க இழுப்பும் சமமாகி நேராக நிற்கும்.

முதலில் விலங்கை வரைந்து, அதற்கேற்ப இலையை வெட்டுவதுதானே முறை?

பெரும்பாலான பள்ளிகளில் அப்படித்தான் நடக்கிறது, அதில்தான் இந்த வேலை கெடுகிறது. வரைந்த கோட்டுக்குள் இலையைத் துண்டு போட்டு நிரப்பினால் கிடைப்பது பழுப்பு நிறக் காகிதத்தில் செய்த யானை. நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, விளிம்பு எங்கே வளைகிறது, எந்த மூலை பூச்சி தின்று ஓட்டையாகியிருக்கிறது என்பதெல்லாம் வெட்டுப்பட்டுப் போகும்.

பென்சிலையும் கத்தரியையும் முதல் 15 நிமிடம் பூட்டி வையுங்கள். ஆளுக்கு 5 இலை கொடுத்து, திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: காம்பு மேலே, காம்பு கீழே, புரட்டிப்போட்டு, இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக. காம்பு வாலாகத் தெரிகிறதா, மூக்காகத் தெரிகிறதா என்று கேட்டால் போதும். கோணலாக வளைந்து காய்ந்த மாவிலையைத் தூக்கிப்போடப் போகும் பிள்ளையை நிறுத்துங்கள், அதுதான் துதிக்கை. பூச்சி கடித்த துளை கண்ணாகும். பசை இல்லாமல் அடுக்கிப் பார்த்து, ஆசிரியர் ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகு ஒட்டலாம். கலைந்துவிட்டால் படத்தைப் பார்த்து மறுபடி அடுக்கிக்கொள்ளலாம்.

கத்தரியே கூடாது என்பதில்லை. ஓர் உருவத்துக்கு மூன்று வெட்டுக்கு மேல் வேண்டாம் என்று கணக்கு வையுங்கள்.

யானை எப்படிச் செய்வது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

11க்கு 14 அங்குல அட்டைக்கு: நடுத்தரத் தேக்கிலை 2, பூவரசிலை 2, வளைந்த மாவிலை 1, ரப்பர் காம்பு 1, புளியிலைத் துணுக்கு 4, பூண்டுத் தோல் சிறிது, மிளகு 1.

தேக்கிலை ஒன்றை அடிப்புறம் மேலே வரும்படி, காம்பு பின்னால் இருக்குமாறு படுக்கை வாட்டில் வையுங்கள். அதுவே உடல். இலையின் அகலமான பாதி முன்னால் வரவேண்டும், யானைக்கு முன்பக்கம்தான் உயரம். இரண்டாவது தேக்கிலையிலிருந்து நரம்பை ஒட்டி 3 செ.மீ. அகலம், 9 செ.மீ. நீளத்தில் நாலு பட்டை. கத்தரி அதிகம் படும் இடம் இதுதான், மூன்று வெட்டுக் கணக்கு இங்கே மட்டும் பொருந்தாது. பட்டையின் பக்க நரம்புகள் கிடையாக வரும்படி வெட்டினால் முழங்கால் மடிப்புபோலவே தெரியும். தொலைவில் உள்ள இரண்டு காலை உடலுக்கு அடியிலும், அருகில் உள்ள இரண்டை உடலுக்கு மேலும் ஒட்ட வேண்டும். நாலையும் ஒரே பக்கம் ஒட்டினால் யானை மேசை மாதிரி நிற்கும்.

தலைக்கு ஒரு பூவரசிலை, நுனி கீழ் நோக்கி. நுனியிலிருந்து மாவிலைத் துதிக்கை தொடங்கட்டும். மாவிலையின் காம்புப் பக்கத்தைத் தலைக்கு அடியில் செருகி, நுனி முன்னோக்கி வளையும்படி விடுங்கள். மாவிலை நேராகக் காய்ந்துவிட்டதா? ஈரத் துணியில் ஒரு மணி நேரம் சுற்றி வைத்து, ஒரு டம்ளரைச் சுற்றி வளைத்து ரப்பர் வளையம் போட்டு ஒரு நாள் விட்டால் வளைவு நிற்கும். காதுக்கு மற்றொரு பூவரசிலை, கழுத்துப் பக்கம் மட்டும் பசை. காதின் பின் விளிம்பு ஒட்டாமல் தூக்கி நிற்கட்டும். தந்தத்துக்குப் பூண்டுத் தோலை ஈர்க்குச்சியில் உருட்டி, முனையைக் கிள்ளுங்கள். வால் ரப்பர் காம்பு, அதன் நுனியில் நாலு புளியிலைத் துணுக்கு. கண் கடைசியில். கண்ணை முதலில் ஒட்டிவிட்டால் காது எங்கே வந்தாலும் கோணலாகத்தான் தெரியும்.

எங்கே கெடும்? நூற்றுக்கு எழுபது யானை துதிக்கையில்தான் கெடும் என்று சொன்னால் மிகையில்லை. துதிக்கையைத் தலைக்கு மேலே ஒட்டுவார்கள், அது பைப்பை மாட்டியதுபோல் தெரியும். அடியில் செருகுங்கள்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு இது அதிகம் இல்லையா?

அதிகம்தான். அவர்களுக்கு மூன்று இலை மீன்: உடலுக்கு மாவிலை, வாலுக்கு மந்தாரை, துடுப்புக்கு வேப்பிலை. அடுத்தது மந்தாரைப் பட்டாம்பூச்சி. தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன் செம்மஞ்சள் நிறம், பாதாம் இலைத் துண்டைக் கொண்டு செய்யலாம். நாலைந்து மந்தாரை இலைகள் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் பூவையும் முயலையும் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஐந்து இலைக்கு மேல் கையில் கொடுக்காதீர்கள், குவித்து வைத்துத் திணறுவார்கள்.

இறகும் உரோமமும் இயல்பாக வரவில்லை. என்ன தவறு?

ஒட்டும் திசை. ஓட்டு வீட்டுக்கு ஓடு வேய்வதை நினைத்துக்கொள்ளுங்கள்: இறவாணத்தில் தொடங்கி முகடு நோக்கி ஏறுவார்கள், மேல் ஓடு கீழ் ஓட்டின் தலையை மூடும். பறவைக்கும் மீனுக்கும் அப்படியே, வாலில் தொடங்கித் தலை நோக்கி. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் மேல் மூன்றில் ஒரு பங்கை மூட வேண்டும். இலைநுனிக்குப் பசை கிடையாது. மயில் தோகைக்குப் புங்கச் சிற்றிலை 15 போதும்: வெளி வரிசையில் 7, நடுவில் 5, உள்ளே 3.

கரடிக்கு வேறு முறை. அட்டையில் கரடியின் உருவத்துக்குள் பசையைப் பரப்பி, டப்பாவில் சேர்த்த புளியிலைச் சிற்றிலையைத் தூவி, தாளால் அழுத்தி, காய்ந்ததும் கவிழ்த்துத் தட்டுங்கள். இரண்டு தடவை தூவினால் அடர்த்தி வரும்.

மலையணிலை முயன்று பாருங்கள். முதுகு கருஞ்சிவப்பு, வயிறு இளமஞ்சள், வால் உடலைவிட நீளம். கருஞ்சிவப்புக்குப் பழுத்த பாதாம் இலை, வயிற்றுக்கு மஞ்சள் பலா இலை. வாலை உடலைவிடச் சின்னதாகச் செய்யும் பிள்ளைக்கு அது வீட்டுக் கூரையில் ஓடும் மூன்று கோட்டு அணிலாகப் போய்விடும், அதையும் ஏற்றுக்கொள்ளலாம்.

சிங்கவால் குரங்கின் பிடரி மயிருக்கு எது?

சில்வர் ஓக். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் மரம். இலையின் அடிப்புறம் வெள்ளி மினுக்கு, பெரணிபோல் பிரிந்திருக்கும். கறுத்துக் காய்ந்த அரசிலையை முகமாக வைத்து, அதைச் சுற்றி அடிப்புறம் தெரிய 9 அல்லது 10 துண்டு. வேறு எந்தச் சாயமும் தேவைப்படாது.

கண்ணுக்குக் குன்றிமணி வைக்கலாமா?

பிள்ளையாருக்கு வைப்பது வழக்கம்தான். பிள்ளைகள் வகுப்பில் வேண்டாம். குன்றிமணியை உடைத்தோ மென்றோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அவ்வாறே. மிளகு, கடுகு, கறுப்பு உளுந்து போதுமானவை. காதிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும் வயதென்றால் அதுவும் வேண்டாம், கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி.

அரசிலையை நரம்பு மட்டும் மிஞ்சும்படி செய்வது எப்படி?

தும்பிச் சிறகுக்கு அது அருமையாக இருக்கும். முதிர்ந்த பச்சை அரசிலையை வாளித் தண்ணீரில் மூழ்கவிட்டு 3 முதல் 4 வாரம். சதை அழுகித் தளர்ந்ததும், தட்டில் பரப்பி, பழைய மென்மையான பல்துலக்கியால் தட்டித் தட்டிக் கழுவினால் வலை மிஞ்சும். தேய்த்தால் கிழியும். தண்ணீர் நாறும், அதைவிடக் கொசு முட்டையிடும். வாளியை மூடி, நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். 10 இலை போட்டால் 5 ஒழுங்காக வரும். ஆறாம் வகுப்புக்குக் கீழே இது வேண்டாம்.

40 பிள்ளைகளுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும்?

ஆளுக்கு 12 இலை என்றால் 480. உடைவது, கறுப்பது, பூஞ்சை பிடிப்பது என்று மூன்றில் ஒரு பங்கு போகும், எனவே 720 பொறுக்குங்கள். அரசிலையும் பூவரசிலையும் போதாமல் போகும், தேக்கு எப்போதும் மிஞ்சும். பசை 200 கிராம், எட்டுக் குவளையில் பிரித்து ஐந்து பேருக்கு ஒன்று. முனை மழுங்கிய கத்தரி இருவருக்கு ஒன்று. 45 நிமிடப் பாடவேளை இரண்டு வேண்டும்: ஒன்றில் அடுக்கிப் பார்ப்பது, மறுநாள் ஒட்டுவது. ஒரே வேளையில் இரண்டையும் முடிக்க நினைத்தால் கடைசிப் பத்து நிமிடத்தில் வகுப்பு பசையில் மிதக்கும்.

வகுப்பில் மலையாளம் பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இலைப் பெயரில் குழப்பம் வருகிறது.

தேக்கு, பூவரசு, மாவிலை இரண்டு மொழியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பலாவை அவர்கள் பிலாவு என்பார்கள், குமரிப் பக்கத் தமிழிலும் பிலா உண்டு. குழப்பம் வருவது அரசில். மலையாளத்தில் அதன் பெயர் ‘அரயால்’. அதைக் கேட்ட தமிழ்ப் பிள்ளை ஆலிலையைக் கொண்டுவரும். ஒவ்வொரு இலையையும் ஓர் அட்டையில் ஒட்டி இரண்டு எழுத்திலும் பெயர் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டால் தீர்ந்தது. கேரள மாநில விலங்கு யானை, பறவை வேழாம்பல் என்கிற மலை இருவாச்சி. தமிழ்நாட்டுக்கு வரையாடு, மரகதப்புறா. இந்த நாலையும் நாலு குழுவுக்குப் பிரித்துக் கொடுத்தால் எல்லையோரப் பள்ளியில் போட்டியும் பேச்சும் தானாகவே வரும்.

நிறம் எத்தனை நாள் நிற்கும்? லேமினேட் செய்யலாமா?

பாதாம் சிவப்புத்தான் முதலில் போகும், வெயில் படும் சுவரில் சில வாரத்திலேயே பழுப்பாகிவிடும். மஞ்சள் அதைவிடத் தாங்கும், தேக்கின் பழுப்பு மாறவே மாறாது. சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள். ஒட்டி முடித்த அன்றே படம் எடுத்து வையுங்கள்.

சூட்டில் லேமினேட் செய்தால் இலைக்குள் மிச்சமிருக்கும் ஈரம் குமிழ் விட்டுப் பழுக்கும். காது தூக்கி நிற்கிற யானையை அதில் நசுக்கவும் முடியாது. அதற்குப் பதில் வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து, மென்மையான தூரிகையால் ஒரு பூச்சு. முதலில் பால்போல் வெளுத்துத் தெரியும், பதற வேண்டாம், இரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடும். அடுத்த ஆண்டுக்கு வைப்பதென்றால் ஒவ்வொன்றுக்கும் இடையே தாள் போட்டு, மூடி இறுகும் தகரப் பெட்டியில், காய்ந்த வேப்பிலையோடு. சாரல் தொடங்குமுன் மே கடைசியில் ஒருமுறை திறந்து வெயில் காட்டுங்கள், பூஞ்சை வாடை அடிக்கும் உருவத்தை மட்டும் அன்றே வெளியே எடுத்துவிடுங்கள்.